இழந்தாலும் தாங்கும் செயற்கைக்கோள்

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 5.59க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி61 கிளம்பியது. முதல் இரண்டு கட்டங்கள் கணக்குப் பிசகாமல் எரிந்து முடிந்தன. மூன்றாவது கட்டத்தில் மோட்டார் உறைக்குள் அழுத்தம் இறங்கிவிட்டது, பயணம் நிறைவேறவில்லை என்று இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் கொஞ்ச நேரத்திலேயே அறிவித்தார். அதன் தலையில் இருந்தது இஓஎஸ்-09 என்ற செயற்கைக்கோள். 1,696 கிலோ எடை, சி-பேண்ட் அலைவரிசை ரேடார், இரவிலும் மேகம் மூடியிருந்தாலும் தரையைப் பார்க்கக் கூடியது. ஆபரேஷன் சிந்தூர் சண்டை நின்று அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நாட்டின் பாதுகாப்புக்காகக் குறைந்தது பத்துச் செயற்கைக்கோள்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன என்று இம்பாலில் நாராயணன் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது.

பிஎஸ்எல்விக்கு அது 63ஆவது பயணம். அது தோற்ற தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ராக்கெட் என்றால் எப்போதாவது விழத்தான் செய்யும், அதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ஒரு விஷயம் மனசில் மாட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை. பல வருட உழைப்பில் உருவான ஒரு ரேடார் போய்விட்டது. அடுத்த மாதமே தூக்கி ஏற்ற அதே மாதிரி இன்னொன்று கிடங்கில் தயாராக இல்லை. எல்லையில் எந்த நேரமும் ஒரு கண் இருக்க வேண்டும் என்று நினைக்கிற நாடு, அந்தக் கண்ணை ஒற்றைக் கோளில் வைத்து, அதை ஒற்றை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பலாமா? அதற்குப் பிறகு ராணுவ ரேடார் செயற்கைக்கோள்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு கருத்து கெட்டிப்பட்டது. தரைக் கண்காணிப்புக்கு நாம் முதலில் செய்ய வேண்டியது மிகச் சிறந்த ரேடார் அல்ல. ஒன்று போனாலும் வேலை நிற்காத அளவுக்கு எண்ணிக்கையில் செய்யக்கூடிய, சுமாரான ரேடார்.

ஓடும் பொருளும் ஒதுங்கி நிற்கும் புள்ளியும்

நான் வேலை பார்ப்பது கடற்கரை வரைபடங்களோடு. ஐரோப்பிய விண்வெளி முகமை இலவசமாகத் தரும் சென்டினல்-1 ரேடார் படங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஒருநாள் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே எடுத்த படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, இதைப் பாருங்க. கப்பல் கிழிச்ச தடம் ஒரு பக்கம் கிடக்கு, கப்பல் இன்னொரு பக்கம் நிக்குது. படம் கெட்டுப்போச்சா?" திரையில் கருப்புக் கடலின் மேல் மெல்லிய கோடாகத் தடம் தெரிந்தது. அந்தக் கோடு முடிகிற இடத்தில் கப்பல் இல்லை. அங்கிருந்து அரைக் கிலோமீட்டருக்கும் மேலே விலகி, பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றது. "கெட்டுப்போகலைப்பா, கப்பல் ஓடிக்கிட்டு இருக்கு, அதான்" என்றேன்.

இந்த ரேடார் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று முடிவு செய்வது, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து. தரை அசையாது என்பதால், அந்த மாற்றம் முழுவதும் செயற்கைக்கோளின் வேகத்தால் வந்தது என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. கப்பல் தானும் நகர்ந்தால் அதன் வேகமும் அதில் சேர்ந்துவிடும். கணக்குக்கு அது தெரியாது, கப்பலைக் கொண்டுபோய் வேறு இடத்தில் வைத்துவிடும். இதே காரணத்தால்தான் ரயில் தண்டவாளத்தை விட்டு வயலுக்குள் ஓடுவதாகவும், லாரி சாலைக்கு வெளியே மிதப்பதாகவும் ரேடார் படங்களில் தெரியும். 700 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும்போது, ரேடாரை நோக்கி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் நெருங்கும் லாரி தன் சாலையிலிருந்து 800 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். கடலில் என்றால் தடத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மலைச்சாலையில் போகிற ராணுவ லாரிக்கு அப்படிப்பட்ட தடம் கிடையாது.

ஒரு ராணுவத்துக்கு உண்மையில் என்ன வேண்டும் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. நின்றுகொண்டிருக்கும் டாங்கியின் படம் வேண்டுமா, ஓடிக்கொண்டிருக்கும் லாரியின் வேகமும் திசையும் வேண்டுமா? இரண்டும் வேண்டும் என்பார்கள். ஆனால் விலையை ஏற்றுவது இரண்டாவது ஆசைதான். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். எக்ஸ்-பேண்ட் அலைவரிசையில் மூன்று மீட்டர் நீள ஆண்டெனா ஒன்று நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதன் கற்றைக்குள் விழும் தரையின் முன்விளிம்பும் பின்விளிம்பும், கோளின் வேகத்தால், மணிக்கு 130 கிலோமீட்டர் வரை நெருங்குவது போலவும் விலகுவது போலவும் அதற்குத் தோன்றும். அசையாத மண்ணே அவ்வளவு வேகத்தில் ஓடுவதாகத் தெரிந்தால், மணிக்கு 40 கிலோமீட்டரில் ஊர்கிற லாரியை அதிலிருந்து எப்படிப் பிரிப்பது? ஆண்டெனாவைப் பல மடங்கு நீட்ட வேண்டும். இல்லையென்றால் அதைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலையை வாங்கும் ஏற்பி வைத்து, அவற்றின் வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். எடை, மின்சாரம், கணினி எல்லாம் அதோடு சேர்ந்து ஏறும்.

எல்லாம் கேட்டவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை

அமெரிக்கர்கள் இதில் முட்டிக்கொண்ட கதை எல்லோருக்கும் பாடம். 1991 வளைகுடாப் போரில் ஜாயிண்ட் ஸ்டார்ஸ் என்ற ரேடார் விமானம் ஈராக்கியப் படைகள் நகர்வதை வானிலிருந்து காட்டியது. அதையே விண்வெளியிலிருந்து, எந்த நாட்டின் வான்வெளிக்கும் அனுமதி கேட்காமல், நாள் முழுக்கச் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். 1998இல் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தர்பா, விமானப்படை, உளவுச் செயற்கைக்கோள்களை நடத்தும் என்ஆர்ஓ ஆகிய மூன்றும் சேர்ந்து டிஸ்கவரர்-2 என்ற திட்டத்தைத் தொடங்கின. தாழ்ந்த சுற்றுப்பாதையில் 24 கோள்கள், ஒன்றின் விலை 10 கோடி டாலருக்குள். ஒவ்வொன்றும் படமும் எடுக்க வேண்டும், நகரும் வண்டியையும் பிடிக்க வேண்டும், நிலப்பரப்பின் உயரத்தையும் அளக்க வேண்டும். அதுவரை அவர்கள் பறக்கவிட்ட ரேடார் உளவுக் கோள்களின் விலையோடு ஒப்பிட்டால் இது நம்ப முடியாத இலக்கு. நாடாளுமன்றமும் நம்பவில்லை. செய்துகாட்டுவதற்கான இரண்டு கோள்கள் பறப்பதற்கு முன்பே, 2000இல், பணத்தை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் வேறு பெயரில் மறுபடி எழுந்த ஸ்பேஸ் ரேடார் திட்டமும் 2008இல் கைவிடப்பட்டது.

அந்தத் திட்டத்தில் இருந்தவர்களை நான் மட்டம் தட்டவில்லை. கோள்கள் நிறைய வேண்டும், அதனால் விலை குறைய வேண்டும் என்பதில் அவர்கள் நினைத்தது சரிதான். ஆனால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. விலைக்கு ஒரு வரம்பு போட்டார்கள், கேட்கும் பட்டியலுக்கு வரம்பு போடவில்லை.

அதே காலத்தில் ஜெர்மனியில் நேர்மாறாக ஒன்று நடந்தது. 1999 கொசோவோ போரில் படங்களுக்கு அமெரிக்காவின் கையை எதிர்பார்த்து நின்ற அனுபவம் அவர்களை உறுத்தியது. எஸ்ஏஆர்-லூப்பே என்ற ரேடார் கோள் திட்டத்தைப் பிரெமன் நகரத்தில் இருக்கும் ஓஎச்பி என்ற, அன்றைக்குப் பெரிய பேரில்லாத நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அவர்கள் செய்த ஆண்டெனா விரியாது, மடங்காது, மின்னணு முறையில் கற்றையைத் திருப்பாது. சாதாரணத் தொலைத்தொடர்புக் கோள்களில் இருப்பது போன்ற, அசையாத ஒரு வட்டத் தட்டுதான். எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே கோள் முழுவதையும் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரி ஐந்து கோள்கள், பழைய ரஷ்ய கோஸ்மோஸ்-3எம் ராக்கெட்டுகளில், 2006 டிசம்பர் முதல் 2008 ஜூலைக்குள் ஐந்தும் மேலே போய்விட்டன. நகரும் லாரியின் வேகத்தை அவை சொல்லாது. பரந்த நிலத்தை ஒரே வீச்சில் வாரிக்கொள்ளாது. ஆனால் ஜெர்மனிக்குச் சொந்தக் கண் கிடைத்தது, ஒன்று பழுதானாலும் மிச்சம் நான்கு இருந்தன.

நாமும் அவசரத்தில் இதே வழியில் ஒருமுறை போயிருக்கிறோம். 2008 நவம்பரில் மும்பையில் தாக்குதல் நடந்தபோது, நம் சொந்த ரேடார் கொண்ட ரிசாட்-1 இன்னும் தயாராகியிருக்கவில்லை. அதனால் இஸ்ரேலிய ரேடார் பொருத்திய ரிசாட்-2, முதலாவதுக்கு முன்பே 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டது. எடை 300 கிலோதான். துருவங்களுக்கு மேலே போகாமல் 41 பாகைச் சாய்வில் சுற்றியதால் நம் பகுதியின் மேல் அடிக்கடி வந்தது. நான்கு வருடத்துக்கு வடிவமைத்தது பதின்மூன்று வருடம் தாக்குப்பிடித்து, 2022 அக்டோபர் 30 அன்று இந்தியப் பெருங்கடல் பக்கம் விழுந்து மறைந்தது. 2012இல் போன ரிசாட்-1 இதைப் போல ஆறு மடங்கு எடை, 1,858 கிலோ. அருமையான பொறியியல்தான். விவசாயத்துக்கும் வெள்ளத்துக்கும் அது தந்த அகன்ற படங்களை 300 கிலோ கோள் தர முடியாது. ஆனால் எல்லைக் காவலுக்கு எது அதிகக் காலம் கைகொடுத்தது என்று கேட்டால், அந்தச் சின்னதைத்தான் சொல்வேன்.

கூடவே போன எழுபது கிலோ

இந்தக் கதை முழுவதிலும் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது 2018 ஜனவரி 12ஆம் தேதியில். அன்று பிஎஸ்எல்வி-சி40 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 31 கோள்களோடு போனது. நான்கு மாதம் முன்னால் சி39இன் வெப்பக் கவசம் கழலாமல் போயிருந்ததால், எல்லோருடைய கவலையும் ராக்கெட்டின் மேல்தான். முதன்மைப் பயணி கார்ட்டோசாட்-2 வரிசைக் கோள். இந்தியாவின் நூறாவது செயற்கைக்கோள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த 31இல் பின்லாந்தின் ஐசை எக்ஸ்1 என்ற 70 கிலோ பெட்டி ஒன்றும் இருந்ததை இங்கே பெரிதாக யாரும் எழுதவில்லை. நூறு கிலோவுக்குக் குறைந்த எடையில் பறந்த முதல் படமெடுக்கும் ரேடார் கோள் அது. போன மூன்றாம் நாள், ஜனவரி 15 அன்று, அலாஸ்காவின் நோவாட்டக் காப்பகத்தின் மேல் போகும்போது தன் முதல் படத்தை எடுத்தது. பனியும் ஆறும் மலையும், சாம்பல் நிறத்தில்.

இதைச் செய்தவர்கள் ராணுவக்காரர்கள் அல்ல. ஆல்டோ பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. ரஃபால் மோத்ஷெவ்ஸ்கியும் பெக்கா லௌரிலாவும் 2014இல் அதை நிறுவனமாக்கினார்கள். வடதுருவக் கடலில் பனிக்கட்டி எங்கே மிதக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்வதுதான் முதல் எண்ணம். பணம் குறைவு என்பதால், எதையெல்லாம் விட்டுவிடலாம் என்ற கேள்வி அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. ஒன்றரை மணி நேரச் சுற்றில் ரேடார் சில நிமிடம்தான் வேலை செய்யும், மிச்ச நேரம் சூரியத் தகடு மின்கலத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். சுற்று முழுக்கப் படம் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் மின்சாரத்துக்கும் சூடு தணிக்கவும் மட்டுமே பல நூறு கிலோ போயிருக்கும். எக்ஸ்1 படங்களின் துல்லியம் 10 மீட்டர்தான், அது போதும் என்று விட்டார்கள். அடுத்தடுத்த கோள்களில் ஒரு மீட்டருக்கு வந்து, பிறகு அதற்கும் கீழே இறக்கினார்கள். ஒவ்வொரு கோளிலும் கண்ட குறை அடுத்த கோளில் திருத்தப்பட்டது. அடுத்தது எப்போதும் சில மாதத் தொலைவில் இருந்ததால்தான் அது முடிந்தது.

இதில் ஒரு வியப்பான இயற்பியலும் இருக்கிறது. கண்ணாடி வில்லை வைத்த கேமராவில் துல்லியம் வேண்டுமென்றால் வில்லை பெரிதாக வேண்டும். செயற்கைத் துளை ரேடார் என்று பெயருள்ள இந்த வகை ரேடாரில், கோள் பறக்கும் திசையில் ஆண்டெனா எவ்வளவு குட்டையோ அவ்வளவு நேரம் ஒரே இடம் அதன் பார்வையில் இருக்கும், அவ்வளவு நுணுக்கமாகத் தெரியும். ஆண்டெனாவைக் கண்டபடி சுருக்கினால் எதிரொலிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும், சத்தமும் கூடும், அதனால் ஓர் எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லை எக்ஸ்-பேண்டில் இரண்டு சதுர மீட்டர் பக்கம்தான் வருகிறது. ஆக, சின்ன ரேடார் கோளுக்கு இயற்கை எப்போதுமே கதவைத் திறந்துதான் வைத்திருந்தது.

2022இல் உக்ரைனில் அது ராணுவத்தின் கைக்கு வந்தது. அந்த ஜூன் மாதம் செர்ஹி பிரித்துலா என்ற தொலைக்காட்சிப் பிரபலத்தின் அறக்கட்டளை, துருக்கியின் பைரக்தார் ட்ரோன்கள் வாங்கவென்று மூன்று நாளில் அந்நாட்டு நாணயத்தில் 60 கோடி ஹ்ரிவ்னியா திரட்டியது. ட்ரோன் செய்யும் பைக்கார் நிறுவனம் மூன்று ட்ரோன்களை இலவசமாகவே தந்துவிட்டது. கையில் இருந்த பணத்தை வைத்து, ஆகஸ்ட்டில், சுற்றிக்கொண்டிருந்த ஐசை கோள் ஒன்றின் பயன்பாட்டை நாட்டின் ராணுவத்துக்காக வாங்கினார்கள். காட்டு மரங்களுக்கு ஓரமாக, மேகத்தின் அடியில் நிறுத்தியிருந்த கவச வண்டிகளை அது காட்டியதாக உக்ரைன் பாதுகாப்பு அமைச்சகமே சொன்னது. பொதுமக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட காசில் ஒரு ரேடார் கண்! பத்து வருடம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நான்கு வருடம் முன்பு அதே நிறுவனத்தின் முதல் கோளைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தது நம் ராக்கெட். அந்த நான்கு வருடத்தில் நாம் அப்படி ஒரு வரிசையைத் தொடங்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காசு கொடுத்து அடுத்தவர் படத்தை வாங்கிக்கொண்டால் போதாதா என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு உக்ரைனுக்கான தகவல் பகிர்வைக் கொஞ்ச காலம் நிறுத்தியபோது, மேக்ஸார் என்ற அமெரிக்க நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்கள் வரும் அரசு வழித்தடமும் அவர்களுக்கு மூடப்பட்டது. போருக்கு நடுவில் கண்ணைக் கட்டுவதற்கு ஒரு கையெழுத்து போதும். அதற்கு மேல் நான் வாதாடத் தேவையில்லை.

ஐம்பத்திரண்டில் எத்தனை

சரி, நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2019 மே மாதம் போன ரிசாட்-2பி, 615 கிலோ எடையில், 3.6 மீட்டர் ஆண்டெனாவைக் குடைபோல் மடித்து எடுத்துக்கொண்டுபோய் மேலே விரித்தது. அந்த ஆண்டெனா இங்கேயே செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரிசாட்-2பிஆர்1, அடுத்த ஆண்டு நவம்பரில் இஓஎஸ்-01 என்று வரிசையாக வந்தன. இதுதான் சரியான பாதை என்று எனக்குத் தோன்றுகிறது. வரிசையை மட்டும் இன்னும் வேகமாக ஓட்டியிருக்க வேண்டும். சென்னை ஐஐடியில் படித்தவர்கள் 2021இல் தொடங்கிய கேலக்ஸ்ஐ, அகமதாபாத்தின் பியர்சைட் ஆகிய இரண்டு நிறுவனங்களும் 2024 டிசம்பரில் பிஎஸ்எல்வி-சி60இன் நான்காம் கட்டத்தைச் சோதனை மேடையாக வைத்துத் தங்கள் கருவிகளைப் பார்த்துக்கொண்டன. ஆட்கள் இருக்கிறார்கள், ஆர்வமும் இருக்கிறது.

பெரிய மாற்றம் 2024 அக்டோபரில் வந்தது. எஸ்பிஎஸ்-3 என்ற ராணுவக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. 52 கோள்கள், சுமார் 27,000 கோடி ரூபாய். 21ஐ இஸ்ரோவும் 31ஐத் தனியாரும் செய்ய வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது உண்மை. சீனாவோடு நாம் சொல்லும் எல்லைக்கோடு மட்டும் 3,488 கிலோமீட்டர். ஒரு சின்ன ரேடார் நுணுக்கமாகப் பார்க்கும்போது ஒரு தடவைக்கு ஐந்து, பத்துக் கிலோமீட்டர் அகலத்தைத்தான் எடுக்கும். எவ்வளவு சாய்ந்து பார்த்தாலும் ஒரே இடத்தை ஒரு கோள் நாளுக்கு ஓரிரு முறைதான் பார்க்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற லாரி அணி இரண்டு பார்வைக்கு நடுவில் சில நூறு கிலோமீட்டர் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் 80 கிலோமீட்டர். அந்த இடைவெளியில் ஒரு பள்ளத்தாக்குக்குள் அது எங்கே போயிருக்க முடியும் என்று ஊகிக்க முடியும். வேகத்தை அளக்கத் தெரியாத ரேடாரும், அடிக்கடி வந்தால், நகர்வைச் சொல்லிவிடும். டிஸ்கவரர்-2 ஒரே கோளுக்குள் திணிக்கப் பார்த்ததை எண்ணிக்கையால் கொஞ்சம் ஈடுகட்டலாம் என்பதுதான் என் நம்பிக்கை.

இதற்கு ராக்கெட்டும் ஒத்துழைக்க வேண்டும். 500 கிலோ தூக்கும் எஸ்எஸ்எல்வி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போக வேண்டுமானால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவு பெரிய செலவு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். முத்தாரம்மன் தசராவுக்குக் கூட்டம் கூடுகிற ஊரிலிருந்து ரேடார் கோள்கள் போகப் போகின்றன என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நம் எல்லைகளின் மேல் அடிக்கடி வரும் சாய்ந்த பாதைக்கு ஸ்ரீஹரிகோட்டாதான் வசதி. குலசையிலிருந்து கிழக்கே சாய்த்து ஏவினால் இலங்கை குறுக்கே வந்துவிடும். இரண்டு தளமும் ஓட வேண்டும், ஒன்று சும்மா கிடந்தாலும் வரிசை தடுமாறும்.

ராணுவத்துக்கு என்று ஆரம்பித்தாலும் என் மேஜை வரை இதன் பலன் வரும். 2021 டிசம்பரில் சென்டினல்-1பி மின்கோளாறால் நின்றது. இரண்டு கோள் இருந்தவரை ஆறு நாளுக்கு ஒருமுறை கிடைக்கக்கூடிய படம், மிஞ்சிய ஒன்றோடு பன்னிரண்டு நாளுக்கு ஒன்று என்றானது. பன்னிரண்டு நாள் இடைவெளிக்குள் வெள்ளம் வந்து வடிந்தே போய்விடும். மழை மேகத்துக்கு அடியில் எந்த ஏரி உடைந்தது, எந்தத் தெரு மூழ்கியது என்று பார்க்கும் கண்ணும், மலையில் எந்தச் சாலை புதிதாக வெட்டப்பட்டது என்று பார்க்கும் கண்ணும் ஒன்றுதான். எல்லையில் வேலை இல்லாத நிமிடங்களில் அந்தப் படங்கள் பேரிடர் மேலாண்மைக்கு வர ஒரு வழி இந்தத் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

52இல் எத்தனை ரேடார், அவற்றில் எத்தனை ஒரே அச்சில் வார்த்தவை, எத்தனை கோள் தரையில் தயாராக வைக்கப்படும், ஏவுதலில் ஒன்று போனால் அடுத்தது எத்தனை வாரத்தில் பறக்கும்? ரேடாரின் துல்லியத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வாரக் கணக்கைச் சொல்வதால் எந்த எதிரிக்கும் லாபமில்லை. மாற்று விரைவில் வரும் என்று தெரிந்தால் எதிரி கொஞ்சம் யோசிக்கவும் செய்வான். மக்களவையில் இதை ஒரே ஒருவர் எழுந்து கேட்டால்கூடப் போதும், தூத்துக்குடி உறுப்பினர் கேட்டால் இன்னும் பொருத்தம்.